வைரஸா, ஆன்டிவைரஸா? வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எங்கிருந்து தொடங்குவது

சேலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் வேலையில் இருப்பவனுக்கு அதிகம் காதில் விழும் வாக்கியம், "வைரஸ் வந்துடுச்சுங்க" என்பதுதான். அம்மாபேட்டையில் சேலை டிசைன் போடுபவர், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக் கணக்கு பார்ப்பவர், ஏற்காட்டில் எஸ்டேட் சம்பளப் பட்டியல் அடிப்பவர் என எல்லோரும் சொல்லும் நோய் இது ஒன்றுதான். திறந்து பார்த்தால் பெரும்பாலும் வைரஸ் இருக்காது. பிரவுசரில் எப்போதோ தெரியாமல் கொடுத்த ஒரு அனுமதி, தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் பாதுகாப்புக்காகப் போட்ட இலவச ஆன்டிவைரஸே காரணமாக இருக்கும்.

விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்து, அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றைப் பாருங்கள். திரையில் வந்திருக்கும் எச்சரிக்கையை யார் காட்டுகிறார்கள்? பிரவுசரா, விண்டோஸா, நீங்கள் போட்ட ஆன்டிவைரஸா? இது தெரிந்துவிட்டால் அடுத்த வேலை சுலபம். தெரியாமல் பதறிப்போய் இன்னொரு ஆன்டிவைரஸை இறக்கினால், இருக்கும் குழப்பத்தோடு இன்னொன்று சேரும்.

"மூலையில வந்து வந்து, அஞ்சு வைரஸ் இருக்குன்னு சொல்லுதுங்க"

திரையின் வலது கீழ் மூலையில் பெட்டி எழும்பி, சிவப்பு எழுத்தில் மிரட்டும். சில நேரம் பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் லோகோவும் இருக்கும். நிதானமாகப் பெட்டியின் ஓரத்தைப் பாருங்கள். சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்று பிரவுசரின் பெயரும், கூடவே வாயில் நுழையாத ஒரு இணையதளத்தின் பெயரும் இருக்கும். இருந்தால் அது வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. என்றோ ஒரு நாள் இலவசமாகப் படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன இடத்தில், "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளத்துக்கு உங்கள் திரையில் அறிவிப்பு காட்டும் உரிமை அப்படித்தான் போனது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். பெட்டி அதோடு நின்றுவிடும். அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தப் பெட்டிகளுக்குப் பயந்து கம்ப்யூட்டரையே பல நாள் திறக்காமல் வைத்திருந்தார். அவர் வீட்டில் என் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இதன் கொடிய அண்ணன் ஒன்று உண்டு. திரை முழுவதும் நீல நிறம், காதைக் கிழிக்கும் எச்சரிக்கைச் சத்தம், "உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் போன் நம்பர் தருவதே இல்லை. நம்பர் தெரிந்தால் மோசடி, அவ்வளவுதான். எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கனவே அந்த எண்ணுக்குப் பேசி, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க அவர்கள் சொன்ன ரிமோட் செயலியையும் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். செயலியை நீக்குங்கள். பேங்கிங், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். வங்கிக்குச் சொல்வதைக் காலைவரை தள்ளிப்போடாதீர்கள். நேரம் ஆக ஆகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

"ஆன்டிவைரஸே காசு கேட்டு நச்சரிக்குதுங்க"

மூலையில் வரும் பெட்டி பிரவுசருடையது இல்லை, உண்மையாகவே நீங்கள் போட்ட இலவச ஆன்டிவைரஸுடையது என்றால் கதை வேறு. ஸ்மார்ட் ஸ்கேன் ஓடும். வைரஸ் ஒன்றும் இல்லை என்று பச்சை டிக் வரும். அடுத்த திரையிலேயே "மேம்பட்ட பிரச்சினைகள்" என்று ஒரு பட்டியல், அதைச் சரிசெய்யப் பணம் கட்டிய பதிப்பு வேண்டும் என்பார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் வைரஸ் அல்ல. அவர்கள் விற்கும் கூடுதல் வசதி உங்களிடம் இல்லை என்பதைத்தான் பிரச்சினை என்று எழுதியிருப்பார்கள். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து என்னிடம் கொண்டுவந்தார். அத்தனையும் விளம்பரம்.

இலவசம் என்றால் வருமானம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாகப் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றது வெளியானதும், 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடியது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்காக 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. "அப்போ அதை விட்டுட்டு ஏவிஜி போட்டுக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். ஏவிஜியை அவாஸ்ட் 2016இலேயே வாங்கிவிட்டது. அவிராவை நார்ட்டன் வாங்கியது. 2022இல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனி. நான்கு பெட்டிகள், ஒரே முதலாளி. இவை வைரஸைப் பிடிப்பதில் மோசம் என்று சொல்ல வரவில்லை, நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் நச்சரிப்பு தீராது.

விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள் சேர்ந்தே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வேறு ஒன்றுதான் வேண்டும் என்றால், அதன் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்த் தகவல் பகிர்வு, சலுகை அறிவிப்பு என்று இருக்கும் டிக்குகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போதே கூடவே வரும் பிரவுசர், வேகம் கூட்டும் கருவி போன்றவற்றையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் அவையும் உள்ளே வந்துவிடும்.

புது லேப்டாப்போடு வந்த ட்ரையல் முடிந்துவிட்டதா? புதுப்பிக்க விருப்பம் இல்லையென்றால் அப்படியே கிடக்க விடாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும். "உங்கள் சந்தாவுக்குப் பணம் எடுக்கப்பட்டது, ரத்து செய்ய அழைக்கவும்" என்று மெயில் வந்தால் அது மேலே சொன்ன போன் நம்பர் மோசடியின் இன்னொரு வேஷம்.

"ஆன் பண்ணி அரை மணி ஆகுது, நகரவே மாட்டேங்குது"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசஸஸ் பகுதியில் டிஸ்க் என்ற தலைப்பை ஒருமுறை அழுத்துங்கள். அதிகம் வேலை வாங்குபவர் மேலே வருவார்.

டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்று, மேலே "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதுதான் டிஃபெண்டர். கம்ப்யூட்டரை வாரம் ஒருமுறை மட்டும் திறக்கும் வீடுகளில் அப்டேட், ஸ்கேன் எல்லாம் சேர்ந்து அந்த நேரத்துக்கென்று காத்திருக்கும். ஒரு மணி நேரம் அதன்போக்கில் விட்டுவிட்டு வந்து பாருங்கள். தினமும் இதே கதை என்றால்தான் அடுத்த படி.

அடுத்து, எத்தனை ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, கீழே செட்டிங்ஸ், அதில் மேனேஜ் புரொவைடர்ஸ். வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதில் சண்டை இல்லை. வெளியிலிருந்து இரண்டு வந்து உட்கார்ந்தால்தான் தலைவலி. நீங்கள் ஒரு எக்செல் கோப்பைத் திறந்தால் இரண்டும் அதைத் தனித்தனியாகப் படித்துப் பார்க்கும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அப்புறம் எக்செலுக்கு என்ன மிச்சம் இருக்கும்? அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை அக்கா முடித்துத் தம்பி, தம்பி முடித்துச் சித்தப்பா பையன் என்று பயன்படுத்தும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆளுக்கொன்று போட்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கியும் மிச்சசொச்சம் தங்குகிறதென்றால், அந்தந்த நிறுவனமே தன் பொருளை முழுதாகத் துடைக்கத் தனிக் கருவி வைத்திருக்கும். அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் வைத்து எழும்பும் சேஃப் மோடில் ஓட்டினால்தான் சுத்தமாகப் போகும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4ஐ அழுத்துங்கள். புதிய லேப்டாப்களில் இந்த வழியில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண் கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தொடங்கும் முன்பே போனில் அந்தக் கணக்கைத் திறந்து எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியதில்லை.

இரண்டு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது, ஸ்கேனும் ஓடவில்லை, ஆனாலும் டிஸ்க் நூறிலேயே நிற்கிறதா? கம்ப்யூட்டரில் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஆன்டிவைரஸைக் குறை சொல்லி லாபமில்லை. சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். காசு செலவழிப்பதானால் ஆன்டிவைரஸ் சந்தாவைவிட இதில் செலவழியுங்கள். நான் கண்டவரை இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் தருவதில்லை. கடையில் "பிசியை வேகமாக்கும் மென்பொருள்" என்று ஏதாவது போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"எந்த வெப்சைட்டும் திறக்கல, பாதுகாப்பு இல்லைங்குது"

ஏற்காட்டிலிருந்து வரும் அழைப்புகளில் இது முக்கியமானது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் எந்தத் தளத்துக்கும் செல்லாது என்று பிரவுசர் சொல்லும். ஆன்டிவைரஸும் அப்டேட் ஆகாமல் "நீங்கள் பாதுகாப்பாக இல்லை" என்று கூடச் சேர்ந்து கத்தும்.

காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற சின்ன வட்ட பேட்டரி. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் கடிகாரத்துக்கு அதிலிருந்தே சக்தி போகும். மின்சாரம் முழுக்கப் போனால்தான் இந்த பேட்டரி வேலை செய்ய வேண்டும். மலையில் இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவைப்பது வழக்கம், பிடுங்கவும் வேண்டும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரமெல்லாம் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கிறது. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் இதற்காக மூன்று விதமான ஆன்டிவைரஸைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. அப்புறம் அந்த மூன்றையும் நீக்கத்தான் நேரம் பிடித்தது.

தேதி சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால் ஆன்டிவைரஸின் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கைச் சந்தேகியுங்கள். பூட்டுப் போட்ட இணையப் போக்குவரத்தைப் படிக்க, ஆன்டிவைரஸ் தன் சொந்தச் சான்றிதழை நடுவில் செருகும். அது சரியாகப் பதியாவிட்டால் பிரவுசர் ஏற்காது. பிரவுசரில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் என்ற இடத்தில் ஆன்டிவைரஸின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் வெப் ஷீல்டு செட்டிங்ஸில் அந்த ஸ்கேனிங்கை மட்டும் நிறுத்துங்கள். மற்ற பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும்.

"பென்டிரைவுல எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு"

இது நிஜ வைரஸ், தானாகவே நகலெடுத்துப் பரவும் வோர்ம் வகை. ஜெராக்ஸ் கடை, ஃபிளெக்ஸ் பிரிண்ட் கடை, போட்டோ லேப் என்று பல பென்டிரைவ்கள் வந்துபோகும் கம்ப்யூட்டர்களில் இன்னும் உயிரோடு திரிகிறது. உங்கள் கோப்புகள் அழியவில்லை. மறைக்கப்பட்டிருக்கின்றன. தெரிவது பொய்யான ஷார்ட்கட். அதை இரட்டைக் கிளிக் செய்தால் கோப்பும் திறக்கும், வோர்மும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் ஹிடன் ஐட்டம்ஸுக்கு டிக். போதாதென்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை" என்ற டிக்கை எடுங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், கோப்புகள் அதற்குள் இருக்கும். போட்டோ, வேர்டு, எக்செல், பிடிஎஃப் மட்டும் வெளியே எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். எடுத்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

ஷார்ட்கட்டை ஏற்கனவே கிளிக் செய்திருந்தால் கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் "விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்" என்று ஒன்று இருந்தால் நல்ல அறிகுறி இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. பென்டிரைவைக் கட்டுப்படுத்த யுஎஸ்பி பிரதிரோத் என்று ஒன்று உண்டு, சென்னைக் கம்பெனியான கே7 செய்த நீக்கும் கருவியும் உண்டு.

"நல்ல ஃபைலைப் பிடிச்சுட்டுப் போயிடுச்சு"

தட்டச்சு மென்பொருள், பழைய பிரிண்டர் டிரைவர், யாரோ தனியாக எழுதித் தந்த பில் போடும் புரோகிராம். இவற்றை ஆன்டிவைரஸ் சில நேரம் தவறாகப் பிடிக்கும். தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் வாங்கி மாற்றித் தருபவை. பாஸ்வேர்டு திருடும் நிரலும் விசைகளைத்தான் வாங்கும், அதனால் குழப்பம். பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2008இல் ஏவிஜி, விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றையே ட்ரோஜன், அதாவது நல்லதுபோல் வேஷம் போட்ட கெட்ட நிரல், என்றது. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களின் முக்கியக் கோப்பைப் பிடித்துப் போட்டு, அவை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

உடனே ரீஸ்டோர் கொடுக்காதீர்கள். வெள்ளியின் தூய்மைக்கு ஒரே இடத்தில் டச் பார்த்து நம்பாமல் நாலு இடத்தில் பார்ப்பதுபோல, வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் கோப்பைப் போட்டால் பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பும் ஒரே பக்கத்தில் வரும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான பிடிப்பாக இருக்கலாம். பாதி சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், பட்டறைக் கணக்கு ஆகியவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றும் கோப்புகள் மற்ற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். நல்ல கோப்புதான் என்று உறுதியானால் விண்டோஸ் செக்யூரிட்டியின் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் அதைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம்.

"அண்ணா, கிராக் போடறப்ப மட்டும் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா?" என்று கல்லூரிப் பையன்கள் கேட்பார்கள். காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைத்து ஓட்டுவதுதான் கிராக். கூடாது. ஸ்டாப் அல்லது டிஜேவியு என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், முக்கியமாகக் கிராக் கோப்புகள் வழியாகத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்தது.

"போட்டோ பேருக்குப் பின்னால வேற எழுத்து வந்துடுச்சு, திறக்கல"

அந்த ரான்சம்வேர் வந்தால் இப்படித்தான் இருக்கும். கூடவே பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் கோப்பும் கிடக்கும். நெட்டைத் துண்டியுங்கள், வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்குங்கள். ஃபார்மேட் செய்யாதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்த டெக்ஸ்ட் கோப்பையும் தனியாக நகல் எடுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் நோ மோர் ரான்சம் தளத்தில் உங்கள் வகைக்குச் சாவி இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். டிஜேவியுவில் சில வகைகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவசக் கருவி வேலை செய்யும், எல்லாவற்றுக்கும் அல்ல. டிஜேவியு ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும் என்பதால் பெரிய கல்யாண வீடியோக்களைச் சில நேரம் ஓரளவு மீட்க முடிகிறது. போட்டோக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

"டிஃபெண்டர் ஆன் ஆகவே மாட்டேங்குது"

பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் இருந்தால் முதலில் துடையுங்கள். "உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது" என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால் ஏதோ ஒரு கிராக் கருவியோ வைரஸோ செட்டிங்கை மாற்றியிருக்கலாம். ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டியும் மாறவில்லை என்றால் கோப்புகளை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நேரம் மிச்சம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் விவர அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வேறு, அதை எந்த ஆன்டிவைரஸும் ஈடுகட்டாது. 11 ஏற்கும் கம்ப்யூட்டர் என்றால் மாறிவிடுங்கள். ஏற்காது என்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்குப் பதிவு செய்யலாம். அது 2026 அக்டோபர் வரை ஓடும். அதற்குமேல் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அல்லது பேங்கிங்கை மட்டும் போனுக்கு மாற்றிவிட்டு மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.